காட்டுக்குள்ள மெதுநடை: கேட்டீங்க, சொல்றேன்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாதி நான். ஞாயிறு விடிஞ்சா சிங்கப்பூர்ல மெக்ரிட்சி காட்டுல இருப்பேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

ஈசூன் தங்கச்சி: தினமும் புளோக்கைச் சுத்திப் பத்தாயிரம் அடி நடக்கிறேன். காட்டுல மெதுவா நடந்தா அப்படி என்ன கூடுதல், அக்கா?

உங்க நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விட்டுடாதீங்க. காட்டு நடை வேற கணக்கு. ஜப்பான் வனத்துறை 1982இல் இதுக்கு ‘ஷின்ரின் யோகு’ன்னு பேர் வச்சது; காட்டுல குளிக்கிறதுன்னு வச்சுக்கலாம். அங்கே அதே ஆட்களை ஒரு நாள் காட்டுலயும் இன்னொரு நாள் ஊருக்குள்ளயும் நடக்கவிட்டு அளந்தாங்க. காட்டுக்குப் போன அன்னைக்கு எச்சில்ல கார்ட்டிசோல், அதாவது மன அழுத்தத்துல கூடுற ஹார்மோன், குறைவு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கியிருந்துச்சு.

அப்போ பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. அதெல்லாம் நடந்த கையோட எடுத்த அளவு.

வாரத்துக்கு எவ்வளவு நேரம்?

இங்கிலாந்துல ஏறக்குறைய 20,000 பேரைக் கேட்டு 2019இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கையில இருக்கறவங்க ஆரோக்கியமா இருக்கறதா சொல்லுது. பிரிச்சும் நடக்கலாம். ஆனா உடம்பு நல்லா இருக்கறவங்கதான் அதிகமா வெளிய போறாங்களோன்னு ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

மெதுவான்னா எப்படி?

இயர்போனைக் கழட்டுங்க. பத்தடி நடந்து நில்லுங்க. மூச்சை இழுக்கும்போது மண்வாசம் வருதா, சில்வண்டு எந்தப் பக்கம் கத்துதுன்னு மட்டும் கவனிங்க. மனசு ஆபீசுக்கு ஓடும். திட்டாம திருப்பிக் கூட்டிட்டு வாங்க. ஒரு தடவை மரப்பட்டையில சாம்பல் நிறத்துல பாசித் திட்டுன்னு பாத்துக்கிட்டே நின்னேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு அது கண்ணைத் திறந்துச்சு! மரத்துக்கு மரம் சறுக்கிப் போகுமே, கொலுகோன்னு ஒரு பிராணி, அதுதான். வேகமா நடந்து அதைத் தாண்டிப் போனது எத்தனை தடவையோ.

அம்மாவுக்கு முட்டிவலி, குரங்குன்னா பயம் வேற. எங்கே கூட்டிட்டுப் போறது?

புக்கிட் தீமா குன்று வேண்டாம். 163 மீட்டர்தான், ஆனா ஏத்தம் முட்டியைப் பதம் பாத்துடும். தாவரவியல் பூங்காவுக்குள்ள சின்ன மழைக்காடு ஒண்ணு இருக்கு, 1859இல் பூங்கா வர்றதுக்கு முந்தியே இருந்தது. அங்கே போங்க. அப்புறமா மெக்ரிட்சி வந்தா பிளாஸ்டிக் பையைக் கையில தொங்கவிடாதீங்க. பை சரசரன்னா சாப்பாடுன்னு குரங்குக்குத் தெரியும்.