வரி விகிதம் 18 எப்படி 2 ஆனது?

கேள்வி: பாரிமுனையில் என் மாமா நடத்தும் காகிதக் கடைக்கு, சி மொழியில் பில் போடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைப்பெயர் (20 பைட்), வரி விகிதம், பில்லின் பிரதிகள் ஆகியவற்றை ஒரே ஸ்ட்ரக்சரில் (பல உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பில்) வைத்து எஃப்ரைட் (fwrite) என்ற செயற்கூறு மூலம் கோப்பில் சேமிக்கிறேன். கடைப்பெயருக்கு அடுத்து 'ரசீது அகலம்' என்ற உறுப்பைச் சேர்த்ததிலிருந்து, வரி 18-க்குப் பதிலாக 2 என்று வருகிறது. பிரதிகளோ கோடிக்கணக்கில் நிற்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?
- வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: கோப்பில் பழுதில்லை. எஃப்ரைட் உறுப்புகளின் பெயர்களை எழுதுவதில்லை. நினைவகத்தில் உள்ள பைட்டுகளை அதே வரிசையில் கொட்டிவிடுகிறது. இன்ட் (int, முழு எண்) ஒன்றுக்கு 4 பைட் என்றால் உங்கள் பழைய கோப்பு 28 பைட், புதிய ஸ்ட்ரக்சர் 32 பைட். ஆகவே 18 அகலத்தின் இடத்திலும், பிரதிகளுக்குரிய 2 வரியின் இடத்திலும் போய் உட்கார, கடைசி உறுப்புக்குக் கோப்பில் எதுவும் மிஞ்சாமல் குப்பை எண் நின்றுவிட்டது. கோப்பைப் படிக்கும் எஃப்ரீட் (fread), முழுதாகப் படித்த ஸ்ட்ரக்சர்கள் எத்தனை என்று திருப்பித் தந்த எண்ணைப் பார்த்திருந்தால், 1 வர வேண்டிய இடத்தில் 0 வந்திருப்பது அன்றே தெரிந்திருக்கும்.

அமைப்புகளை உரைக் கோப்பில், லைனுக்கு ஒன்றாக, 'வரி=18', 'பிரதிகள்=2' என எழுதுவதே நல்லது. படிக்கும்போது எல்லா உறுப்புகளுக்கும் முதலில் இயல்பு மதிப்புகளை இட்டுவிட்டு, பிறகு எஃப்கெட்ஸ் (fgets) கொண்டு ஒவ்வொரு லைனாக எடுத்து, சமக்குறிக்கு இடப்புறம் உள்ளது தெரிந்த பெயராக இருந்தால் மட்டும் வலப்புற மதிப்பை ஏற்க வேண்டும். அப்போது நாளை பத்து உறுப்புகள் கூடினாலும் பழைய கோப்பு செல்லும். நோட்பேடில் மாமாவே திருத்தவும் முடியும்; அது வசதியா, வம்பா என்பது மாமாவைப் பொறுத்தது. அதனாலேயே எழுத்தை எண்ணாக மாற்ற ஏடுஐ (atoi) வேண்டாம். 'அஆ' என்று எழுதியிருந்தாலும் அது பேசாமல் 0 தரும். அதற்குப் பதில் எஸ்டிஆர்டுஎல் (strtol) பயன்படுத்துங்கள்; மாற்றுவது எந்த இடத்தில் நின்றது என்பதையும் அது காட்டும்.

கடைப்பெயரைத் தமிழில் வைக்க எண்ணினால் 20 பைட் போதாது. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் 'கடை' என்ற சொல்லுக்கே க, ட, ஐகாரக் குறி என மூன்றுக்கும் மும்மூன்றாக 9 பைட் ஆகும்.

சேமிக்கும்போது அசல் கோப்பை நேரடியாக 'டபிள்யூ' ("w", எழுதுவதற்கான) முறையில் திறக்காதீர்கள். திறந்த கணமே அது காலியாகிவிடுவதால், அந்நேரத்தில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி, கோப்பை மூடும் எஃப்குளோஸ் (fclose) வெற்றிக்கு அடையாளமான 0 தருகிறதா என்று பார்த்த பின்பு, ரீநேம் (rename) மூலம் அதற்கு அசல் கோப்பின் பெயரை இடுங்கள். விண்டோஸில் அதே பெயரில் கோப்பு இருந்தால் ரீநேம் தோற்கும் என்பதால் அங்கே பழையதை முதலில் நீக்க வேண்டும்.

புதிய நிரல் இன்னும் அந்த 28 பைட் கோப்பின் மேல் எழுதவில்லையென்றால், பழைய ஸ்ட்ரக்சரைக் கொண்டே அதை ஒருமுறை படித்து உரைக் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம்.