முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் விற்பனைக்கு வந்திருக்கிறது; 17,000 பவுண்டு கொடுத்து வாங்கலாமா?

பர்மிங்காமில் வேலை பார்க்கும் நீங்கள், விளம்பரத்தில் கண்ட இந்தத் திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் விவரங்களைக் கேள்வியிலேயே கொடுத்திருக்கிறீர்கள்: சிவப்பு நிறம், ஸ்போக் சக்கரங்கள், புதிய தோல் இருக்கைகள், புதிய துணிக்கூரை, முழுவதும் பிரித்துச் சீரமைத்த எஞ்சின், பளபளக்கும் குரோமியப் பாகங்கள், போதாக்குறைக்கு, கார்களின் ஓடுதகுதியை ஆண்டுதோறும் பார்க்கும் "எம்ஓடி சோதனை தேவையில்லை" என்ற குறிப்பு. தகட்டு வேலையைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியும் அதற்கான சான்றும் கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். அவை கிடைத்துவிட்டால், கேட்கும் விலை அதிகமென்று நான் சொல்ல மாட்டேன்.

நான் ஆக்ஸ்போர்டுஷயரில், இந்தக் கார்கள் உருவான ஆபிங்டனுக்கு அருகில் வசிக்கிறேன். 1966ஆம் ஆண்டின் எம்ஜிபி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதுவும் இன்னொருவர் புதுப்பித்து விற்றதுதான். வாங்கும்போது காருடன் கிடைத்த தடித்த புகைப்படத் தொகுப்பைத்தான் இன்றும் அந்தக் காரின் மிக மதிப்புள்ள உதிரிப்பாகமாகக் கருதுகிறேன்.

தகட்டு வேலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதற்குக் காரணம் காரின் அமைப்பில் இருக்கிறது. இதற்கு முந்தைய எம்ஜிஏ தனியான சேஸிஸின் மேல் உடலைப் பொருத்திய கார். 1962இல் வெளிவந்த எம்ஜிபியிலோ, தலைமைப் பொறியாளர் சிட் எனவரின் குழு தனிச் சேஸிஸை அடியோடு கைவிட்டு, உடலையே சுமைதாங்கியாக வடிவமைத்தது. கூரையுள்ள காரில் மேற்கூரையும் தூண்களும் சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். கூரையில்லாத ரோட்ஸ்டரில் அந்த உதவி கிடையாது. ஆகவே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் சில் எனப்படும் தகட்டு விட்டங்களும் நடுவில் உள்ள கியர்பாக்ஸ் சுரங்கமும்தான் கார் நடுவில் தொய்ந்துவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. சில் என்பது ஒற்றைத் தகடன்று. வெளியே தெரியும் சில், உள்ளே இருக்கும் சில், இரண்டுக்கும் அடியில் காசில் ரெயில் என்று அழைக்கப்படும் மடிப்புத் தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் தடுப்புத் தகடு எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய பெட்டியாகின்றன. அந்தப் பெட்டிக்குள் இங்கிலாந்தின் குளிர்காலச் சாலை உப்பும் ஈரமும் புகுந்துவிட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளித் தகட்டில் ஒரு கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதி போயிருக்கும்.

இதை முறையாகச் சரிசெய்வது பெரிய வேலை. வெளிச் சில், முன் மட்கார்டுக்கு அடியில் முன்னோக்கியும் பின் மட்கார்டுக்கு அடியில் பின்னோக்கியும் நீள்கிறது. முன் மட்கார்டு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது, கழற்றிவிடலாம்; பின்புறத் தகடோ வெல்டிங் செய்யப்பட்டது, அதன் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தால்தான் சில்லின் முனை கைக்கு வரும். வேலை நடக்கும்போது உடல் வளையாமலிருக்கக் கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாக வைத்துக் கட்ட வேண்டும். இவ்வளவும் செய்ய மனமில்லாதவர், கண்ணுக்குத் தெரியும் நீளத்துக்கு மட்டும் புதிய தகட்டைப் பழைய துருவின் மேலேயே ஒட்டி, பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார். ஒழுகும் கூரையைத் தொடாமல் வெள்ளையடித்து விற்கப்படும் வீட்டைப் போல அந்தக் கார் ஓரிரு ஆண்டுகள் அழகாகத்தான் இருக்கும்.

பார்க்கப் போகும்போது காரைச் சுற்றி வருவதற்கு முன் கதவுகளின் இடைவெளியைப் பாருங்கள். மூடிய கதவுக்கும் பின்புறத் தகட்டுக்கும் இடையே உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது, அல்லது கம்பி கட்டாமல் வெல்டிங் செய்திருக்கிறார்கள். விற்பவரின் அனுமதியோடு ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நின்றபோது இலகுவாக மூடிய கதவு இப்போது உரசினால் பெயிண்ட் எவ்வளவு மின்னினாலும் திரும்பி வந்துவிடலாம். பிறகு அடியில் படுத்துக் காசில் ரெயிலைப் பாருங்கள். அதன் மடிப்பு வடிவம் முன்னிருந்து பின்வரை கூர்மையாகத் தொடர வேண்டும். தார்ப்பூச்சு அதைக் கனமாக மூடியிருந்தால் ஏன் மூடினார்கள் என்று கேளுங்கள். பின் பட்டை ஸ்பிரிங்கின் முன் முனை உடலோடு சேரும் இடமும், இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டிகளும், முன் மட்கார்டின் மேற்புறத்தில் கண்ணாடியை நோக்கிய மூலையும் துரு விரும்பும் மற்ற இடங்கள். சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது பிடிக்காது. பானட்டில் பிடிக்கவில்லை என்று பதற வேண்டாம், 1960களின் எம்ஜிபிகளில் பானட் அலுமினியத்தால் ஆனது. பிடித்தால்தான் அது பிற்காலத்துப் பானட் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சோதனைகளைவிட உறுதியான சான்று, வேலை நடந்தபோது எடுத்த படங்கள். காரைப் பிரித்து ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் எவரும் படம் எடுக்காமல் இருந்ததில்லை என்றே சொல்வேன், ஏனெனில் அந்த உழைப்பைக் காட்டிக்கொள்ள வேறு வழியில்லை. பின்புறத் தகடு வெட்டப்பட்டுச் சில்லின் முனை திறந்து கிடக்கும் படம் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தகடுகள் வாங்கிய ரசீதுகளையும் கேளுங்கள். சிலர் பழைய உடலைச் சரிசெய்வதற்குப் பதிலாகப் புதிய உடற்கூட்டையே வாங்கிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபியின் உடற்கூட்டை மறுபடியும் தயாரித்து வருகிறது. இன்று அந்தக் கூடு மட்டுமே பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். நீங்கள் பார்க்கும் காருக்கு அத்தகைய கூடு இருந்து, ரசீதும் இருந்தால், ஓட்டுவதற்காக வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை. அசல் உலோகமே வேண்டும் என்று நினைப்பவர்களின் வருத்தம் வேறு.

அடுத்து, கார் தன்னைப் பற்றிச் சொல்லும் ஆண்டு உண்மையா என்று பாருங்கள். சேஸிஸ் எண் ஜிஎச்என்3 என்று தொடங்கினால் அது முதல் வகை ரோட்ஸ்டர். 1967இன் பிற்பகுதியில் அறிமுகமான இரண்டாம் வகைக்கு ஜிஎச்என்4. முதல் வகையில் மின்கலத்தின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும், டைனமோ இருக்கும், முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. இரண்டாம் வகையில் எதிர்முனை இணைப்பும் ஆல்டர்னேட்டரும் நான்கு கியர்களுக்கும் சின்க்ரோமெஷும் வந்துவிட்டன. பழைய கார்களைப் பின்னாளில் எதிர்முனை இணைப்புக்கு மாற்றியிருப்பது வழக்கம்தான், ஆனால் கைபேசிக்கு மின்னேற்றியைப் பொருத்துவதற்கு முன் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எண்ணின் தொடக்க எழுத்துகளை அடுத்து எல் என்ற எழுத்து வந்தால் அது இடப்பக்கம் ஓட்டும் காராகப் பிறந்தது. எம்ஜிபிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானது. கலிஃபோர்னியா போன்ற வறண்ட ஊர்களில் துருப்பிடிக்காமல் கிடந்தவற்றைப் பலர் திரும்ப இங்கே கொண்டுவந்து வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றினார்கள். அது குறையன்று, சில சமயம் நல்லதும்கூட. சொல்லாமல் மறைப்பதுதான் குறை. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்திலிருந்து கட்டணம் செலுத்தி அந்தக் காரின் தயாரிப்புச் சான்றிதழைப் பெறலாம்; எந்த நாளில், எந்த நிறத்தில், எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது அதில் இருக்கும்.

எஞ்சினைப் பற்றிக் குறைவாகவே கவலைப்படுங்கள். 1,798 சிசி பி-சீரிஸ் எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள், 95 குதிரைத்திறன். 1964 இறுதியிலிருந்து கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றுக்குப் பதில் ஐந்து பேரிங்குகள். உதிரிப்பாகம் எல்லாமே கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் நிற்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெட்ரோலின் பிரிட்டன் பொது விற்பனை 1999 இறுதியோடு நின்றுவிட்டதால், சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு இருக்கைகள் பொருத்தியிருக்கிறார்களா என்று ரசீதில் தேடுங்கள். 2021 முதல் வழக்கமான பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். புதிய குழாய்கள் இல்லையென்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், செலவு அதிகமில்லை.

எஞ்சினின் சுற்று வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இருக்கிறதா என்று விளம்பரம் சொல்லவில்லை. 1967இல் அது கூடுதல் விலைக்குக் கிடைத்த வசதி. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,900 முறை சுற்றும். ஓவர்டிரைவில் அது 3,100 அளவுக்கு இறங்கும். காற்றும் இரைச்சலும் நேராகக் காதில் விழும் திறந்த காரில் இந்த வித்தியாசத்தை நீங்கள் முதல் பயணத்திலேயே உணர்வீர்கள். இருந்தால் ஓட்டிப் பார்த்து, மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் அது தயங்காமல் இணைகிறதா என்று சோதியுங்கள்.

முன் சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். காட்சிக்கு மட்டும் நின்ற கார்களில் அதை மறந்துவிடுகிறார்கள். உயர்த்திய சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும். ஸ்போக் சக்கரத்தின் நடுத்துளையில் உள்ள பற்கள் தேய்ந்திருந்தால், முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்தும்போது "டொக்" என்ற ஓசை கேட்கும்.

எம்ஓடி தேவையில்லை என்பது இந்தக் காரின் சிறப்பன்று. 2018 மே முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 ஆண்டுகளைக் கடந்த எல்லாக் கார்களுக்கும் அந்த விலக்கு உண்டு. சாலை வரியும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பழைய எம்ஓடி முடிவுகள் 2005ஆம் ஆண்டுவரை பின்னோக்கி அரசு இணையதளத்தில் கிடைக்கின்றன, பதிவெண் போதும், கட்டணம் இல்லை. அந்தக் கார் எந்த ஆண்டு துருவுக்காகத் தோல்வியடைந்தது, எந்த இடத்தில் என்று சோதனையாளர் எழுதியது, எத்தனை மைல் ஓடியிருந்தது என எல்லாம் இருக்கும். புதுப்பித்ததாகச் சொல்லும் ஆண்டுக்குப் பிறகும் சில் துருவைப் பற்றிய எச்சரிக்கை தொடர்ந்திருந்தால் மேலும் கேட்க வேண்டியதில்லை. விலக்கு இருந்தாலும் விருப்பப்பட்டுச் சோதனைக்கு எடுத்துச் செல்லலாம். விற்பவர் அதற்கு மறுத்தால் நான் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன்.

இவ்வளவு செலவழித்தவர் ஏன் விற்கிறார் என்று சந்தேகமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதில் பெரும்பாலும் மர்மம் இல்லை. ரோட்ஸ்டர் மட்டுமே சுமார் 3,87,000 உற்பத்தியானது. உலோகக் கூரையுள்ள கூபே வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். இவ்வளவு எண்ணிக்கையில் பிறந்த காருக்கு ஜாகுவார் இ-டைப்பின் விலை வராது. ஆனால் ஒரு சில்லை வெட்டி ஒட்டும் உழைப்புக்கு இரண்டு கார்களிலும் கூலி அதிகம் வேறுபடாது. ஆகவே எம்ஜிபியை முறையாகப் புதுப்பித்தவர் செலவழித்த தொகையைத் திரும்பப் பெறுவது அரிது, அந்த நட்டம் வாங்குபவருக்கு ஆதாயமாகிறது. 17,000 பவுண்டு கேட்கும் விலையில் இந்த ஆதாயம் இருக்கிறதா, வெறும் பெயிண்ட் இருக்கிறதா என்பதைத்தான் படங்கள் சொல்லும். முதலீடாக நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

படங்கள் இல்லை, ரசீதும் இல்லை என்றால், விலையைக் குறைத்துப் பேசுவதைவிட வேறு காரைத் தேடுவது நல்லது. 1974 செப்டம்பருக்குப் பிறகு வந்த, அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் பொருத்தி உயரத்தையும் கூட்டிய எம்ஜிபிகளைப் பலர் ஒதுக்குவதால் அவை மலிவாகக் கிடைக்கின்றன. சில் மாற்றிய படங்களோடு வரும் அப்படியொரு காரை, சான்றில்லாத குரோமிய பம்பர் காரைவிட முன்னதாக வாங்குவேன். வாங்கினால், காப்பீட்டைச் சந்தை மதிப்புக்கு எடுக்காமல் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். அதற்கும் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கப்போவது இதே படங்களைத்தான். விற்பவர் அவற்றை அனுப்பினால் கருத்துப் பகுதியில் இணையுங்கள், பின் மட்கார்டை வெட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன்.