பழைய கட்டடத்தில் கலைக்கூடம்: இயந்திரம் வாங்குமுன் மழைநீர்க் குழாயைப் பாருங்கள்

கேள்வி: நூறாண்டு கடந்த செங்கற் கட்டடத்தில் எங்கள் சமகாலக் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது. மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. பெருமழை பெய்தால் நிலவறைக் கிடங்கில் தண்ணீர் புகுகிறது. இப்போது நன்கொடை கிடைத்திருப்பதால் புதிய குளிர்சாதன அமைப்பு, சூரிய மின்தகடுகள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் என்று நிர்வாகக் குழு பட்டியல் போட்டிருக்கிறது. எதை முதலில் செய்வது?

பதில்: இவற்றில் எதுவுமே முதல் வேலை இல்லை. தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

கிடங்கை மேல்தளத்துக்கு மாற்றுவதுதான் அவசரம். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் செல்சி பகுதிக் கலைக்கூடங்களில் நிலவறையில் இருந்த படைப்புகள் நீரில் மூழ்கின. 2016-இல் சேன் ஆறு பெருகியபோது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் கதவடைத்துவிட்டுக் கீழ்த்தளப் பொருள்களை மேலே ஏற்றியது. 2019-இல் அது வட பிரான்ஸின் லியேவன் நகரில் தனிச் சேமிப்பு மையமே திறந்துவிட்டது. மின்பலகையும் கீழேதான் இருக்கிறதென்றால் அதையும் மேலே கொண்டுபோங்கள். வெள்ளம் வந்ததும் மின்சாரம் போய், நீரிறைக்கும் பம்பும் நின்றுவிடும்.

அடுத்த பெருமழையில் குடையும் கையுமாகக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த வடிகால் நிரம்பி வழிகிறது, எந்தக் குழாயின் பின்னால் சுவர் நனைகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அவையெல்லாம் அந்தக் கால மழைக்கு அளவெடுத்த குழாய்கள். பெரிதாக்குங்கள், அடைத்துக்கொண்டால் நீர் சுவருக்குள் இறங்காமல் வெளியே விழ ஒரு மாற்றுவழியும் வையுங்கள்.

எங்காவது சிமென்ட் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா? ஒட்டு உறுதியாகவே நிற்கும். அதன் விளிம்பையொட்டிய செங்கல்தான் வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டாலே உதிரும். சிமென்ட் வழியே வெளியேற முடியாத ஈரம் பக்கத்துச் செங்கல் வழியே வெளியேறுவதன் விளைவு இது. ஒட்டைப் பக்குவமாகச் செதுக்கியெடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசுங்கள். சுவர் காய்ந்த பிறகே வெப்பக்காப்பைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் நீராவியை விடக்கூடிய மரநார்ப் பலகை போன்றதாக இருக்கட்டும்.

இனி மின்கட்டணம். அதன் வேர் பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை, ஒரு காகிதத்தில் இருக்கிறது. ஈரப்பதம் 50 சதவீதம், கூடினாலும் குறைந்தாலும் 5-க்குள் என்ற பழைய விதியை, அருங்காட்சியகங்கள் படைப்புகளைக் கடனாகத் தரும் இரவல் ஒப்பந்தங்களில் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் காப்பாற்றக் குளிர்சாதனம் காற்றை அளவுக்கு மீறிக் குளிர்வித்து ஈரத்தைப் பிழிந்துவிட்டு, அதே காற்றை மறுபடியும் சூடாக்குகிறது. உலகின் பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பிசோ குழு வகுத்த நெறிமுறை, ஈரத்தை ஈர்க்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 40–60 சதவீதமும் 16–25 டிகிரி செல்சியஸும் போதும் என்கிறது. ஒரு நாளில் ஈரப்பத மாற்றம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். தடித்த பழைய சுவர்கள் இந்த வரம்புக்குப் பெருமளவு தாமாகவே துணைநிற்கும்.

சமகாலக் கலையில் ஒரு சிக்கல் உண்டு. பாலியூரித்தேன் நுரை, ரப்பர், அசிடேட் படச்சுருள், வண்ணப் புகைப்படம் ஆகியவை வெப்பத்தில் சீக்கிரம் சிதையும். அவற்றுக்காகக் கட்டடம் முழுவதையும் குளிர்விப்பது வீண்செலவு. நன்கு காப்பிட்ட சிறிய குளிரறை ஒன்றே போதும்.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளும் பதிவுக்கருவியை அறைக்கு ஒன்றாக வைத்து, ஓராண்டு அளந்துவிட்டு இயந்திரத்தின் அளவை முடிவுசெய்யுங்கள். இன்றைய கணக்குக்கு வாங்கினால், சுவர் காய்ந்து வரம்பும் தளர்ந்த பிறகு அது மிகைப்பெரிதாகிவிடும். மிகைப்பெரிய இயந்திரம் அடிக்கடி நின்று ஓடும், ஈரத்தையும் சரியாக எடுக்காது.

பழைய ஜன்னல்களைப் பிடுங்க வேண்டாம். உட்புறம் கழற்றி மாட்டக்கூடிய இரண்டாவது கண்ணாடிச் சட்டம் போதும். மரபுக் கட்டட அனுமதியும் எளிதாகக் கிடைக்கும். சூரியத் தகடுகள் கூரையைப் பழுதுபார்த்த பிறகுதான். முந்திக்கொண்டு பொருத்தினால், ஒழுகும் இடத்தைச் சரிசெய்ய அவற்றையே கழற்ற வேண்டியிருக்கும்.