பேலரில் கருகல் வாடை: கிரீஸ் மட்டும் போதாது

வணக்கம்ங்க. பேலர்ல (வைக்கோலைச் சுருட்டிக் கட்டுற இயந்திரம்) நெல் வைக்கோல் கட்டும்போது செயின் பக்கம் கருகல் வாடை வருது, கிரீஸ் அடிச்சும் நிக்கலைன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு இதைப் பார்க்காம அடுத்த வயலுக்குப் போகாதீங்க.

பெரும்பாலும் ரோலர் தண்டுல, பேரிங்கை ஒட்டி வைக்கோல் சுத்தியிருக்கும். அது இறுகி, கிரீஸை உள்ளே அடைச்சு வைக்கிற பேரிங் மூடியை, அதாவது சீல்-ஐ (seal), கிழிச்சிடும். அப்புறம் கிரீஸ் வெளியேறும், தூசி உள்ளே போகும், பேரிங் காய்ஞ்சு சூடேறும். நீங்க அடிக்கிற கிரீஸும் நிக்காது. வழிஞ்ச கிரீஸ்ல தூசி அப்பி அதுவே தீக்கு இரையாகும்.

பி.டி.ஓ.வை (டிராக்டர்ல இருந்து பேலருக்கு விசை கொடுக்குற தண்டு) நிறுத்தி, என்ஜினை அணைச்சு, சாவியைக் கையில எடுத்துக்கிட்டு, கத்தியால அந்தச் சுத்தலை அறுத்தெடுங்க. ரோலர்ல ஆட்டமோ கரகரப்போ இருந்தா பேரிங்கை மாத்திடுங்க. பிறகு அரைமணி ஓட்டி நிறுத்தி, இரண்டு பக்க பேரிங்கையும் தொடாமலே சூட்டை அளக்குற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால ஒப்பிடுங்க. கையை வைக்காதீங்க, சுட்டுடும். ஒண்ணு மட்டும் தனியா சூடா இருந்தா கோளாறு அங்கதான். செயினை அளவுக்கு மீறி இறுக்கினாலும் பேரிங் சூடாகும்.

டிராக்டர் சைலன்சர் மேல படியுற துரும்பையும் ஆறின பிறகு தட்டிவிடுங்க.

6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பானோட, தண்ணி நிரப்பின 16 லிட்டர் மருந்தடிக்கிற டேங்க் ஒண்ணும் கூட வச்சுக்குங்க. பவுடர் சுடரைத்தான் அடக்கும். வைக்கோலுக்குள்ள கனியுற நெருப்புக்குத் தண்ணிதான் வேணும்.