கைப்பேசியிலேயே நல்ல படம் வருகிறதே, பழைய இரட்டை லென்ஸ் கேமராக்களை ஏன் தேடித் தேடி வாங்குகிறீர்கள்? முதலில் எதை வாங்கலாம்?

அம்மாவின் மூக்குத்தியிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மா வலது பக்கம் மூக்கு குத்தியவர். எதிரில் நிற்கிற நமக்கு அது இடது கைப் பக்கம் தெரியும். யாஷிகா மேட் என்ற என் முதல் இரட்டை லென்ஸ் கேமராவை வாங்கி வந்த அன்று அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து குனிந்தேன். உள்ளே பால்போல் மங்கலான ஒரு சதுரக் கண்ணாடி. கிரவுண்ட் கிளாஸ் என்பார்கள். ஆறு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதில் அம்மா. மூக்குத்தி வலது கைப் பக்கம் மின்னியது. முகம் அம்மாவுடையதுதான், ஆனால் ஏதோ புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. தினமும் தலை வாரும்போது அவர் கண்ணாடியில் பார்க்கிற முகம் அது. அவருக்குத் தெரிந்த அவருடைய முகம். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை.

ஏன் வாங்குகிறேன் என்றால், இதற்காகத்தான். இப்போது என்னிடம் ஐந்து இருக்கின்றன.

இதன் பொறி மிக எளிது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். இரண்டும் ஒரே பலகையில் சேர்ந்தே முன்னும் பின்னும் நகரும். கீழ் லென்ஸ் படம் பிடிக்க, மேல் லென்ஸ் நாம் பார்க்க. மேல் லென்ஸுக்குப் பின்னால் 45 பாகை சாய்த்து வைத்த முகக்கண்ணாடி, பிம்பத்தை மேலே கிரவுண்ட் கிளாஸுக்கு அனுப்புகிறது. படம் நேராக நிற்கும்; இடம் வலம் மட்டும் மாறியிருக்கும். ஒரு பிள்ளை இடப்பக்கம் ஓடினால் உள்ளே வலப்பக்கம் ஓடுவான். கை அதற்குப் பழக எனக்கு மூன்று ரோல் செலவானது.

படம் பிடிக்கிற கணத்தில் இந்த முகக்கண்ணாடி அசைவதில்லை. ஒரே லென்ஸ் உள்ள ரிஃப்ளெக்ஸ் கேமராக்களில் ஷட்டரை அமுக்கும்போது கண்ணாடி எழும்பி, கண் முன்னே ஒரு கணம் இருட்டும். இதில் இருட்டாது. எந்தக் கணம் பிலிமில் விழுந்ததோ அந்தக் கணத்தை நாமும் பார்த்துக்கொண்டே இருப்போம். சத்தமும் நகம் சொடுக்கிய அளவுதான்.

இன்னொன்று, முகத்தை மறைத்துக்கொண்டு யாரையும் குறி பார்க்க வேண்டியதில்லை. தலை குனிந்துதான் நிற்க வேண்டும். எதிரே இருப்பவர் அந்தக் குனிவைப் பார்த்ததும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறார். சிகாகோவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்துகொண்டே தெருக்களைப் படமெடுத்த விவியன் மையர், கடைக் கண்ணாடிகளில் தன்னைத் தானே எடுத்த படங்களைப் பாருங்கள். நெஞ்சருகே ரோலிஃப்ளெக்ஸ் என்ற இரட்டை லென்ஸ் கேமரா இருக்கும். லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை விட்டுச் சென்றவர். பல ரோல்களைக் கழுவக்கூட இல்லை. அந்தப் படங்களில் பிள்ளைகள் அவ்வளவு இயல்பாக இருப்பதற்கு, கேமரா அவர்கள் கண் உயரத்தில் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரோலிஃப்ளெக்ஸ் பிறந்த கதையும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் பவுல் ஃபிராங்கேயும் ரைன்ஹோல்ட் ஹைடெக்கேயும் 1920இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முதலில் செய்தது முப்பரிமாணப் படங்களுக்கான மூன்று லென்ஸ் கேமரா. ஓரத்து இரண்டும் படம் பிடிக்க, நடுவில் இருப்பது பார்க்க. அதில் ஒரு லென்ஸைக் கழித்துவிட்டு மற்ற இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால், 1929இல் வந்த ரோலிஃப்ளெக்ஸ்! இரட்டை லென்ஸ் கேமரா அதற்கு முன்பும் உண்டு, ஆனால் தகடு போடுகிற பெரிய பெட்டி. அதைச் சுருள் பிலிமுக்கு ஏற்றபடி கைக்கு அடக்கமாக்கியது இவர்கள்தான். 1937இல் வந்த ஆட்டோமேட் மாடலில் பிலிமைச் சொருகி மூடினால் போதும். பிலிமோடு சுற்றி வரும் காகிதம் மட்டும் ஓடி, அதோடு பிலிமும் சேரும் இடத்தின் தடிமனை உள்ளே ஒரு உருளை தடவிப் பார்த்து, முதல் படத்தில் தானே நிறுத்தும். பேட்டரி கிடையாது, எல்லாம் பல்சக்கரம். பிலிமைச் சுற்றுகிற அந்தக் கைப்பிடியை நான் பிலிம் இல்லாமலும் சும்மா சுற்றிப் பார்ப்பதுண்டு.

சரி, முதலில் எதை வாங்கலாம்? பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள், நிலைமைக்குக் கொடுங்கள். எல்லோரும் தேடுவது 1970 முதல் 1986 வரை வந்த யாஷிகா மேட் 124ஜி. நல்ல கேமராதான். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் அதன் ஒளிமானிக்கு உரிய பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. அந்த ஒளிமானிக்காகக் கூடுதல் விலை ஏன்? ஒளிமானி இல்லாத பழைய யாஷிகா மேட், அல்லது யாஷிகா டி போதும். நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிப் போனவையும் பெரும்பாலும் யாஷிகாதான், அதனால் விசாரித்தால் கிடைக்கும். கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் ரோலிகார்ட் வாங்குங்கள். ரோலிஃப்ளெக்ஸின் தம்பி, அதே பட்டறை. மினோல்டா ஆட்டோகார்டின் லென்ஸ் அபாரமானது, ஆனால் ஃபோகஸ் நெம்புகோல் கெட்டித்திருந்தால் பலம் காட்டாதீர்கள், ஒடிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஷட்டரை 1 நொடியில் வைத்து அமுக்குங்கள். பழைய கிரீஸ் இறுகியிருந்தால் மெதுவான வேகங்கள்தான் முதலில் சிக்கும். பிறகு பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (அமுக்கியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) பிடித்துக்கொண்டு லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள். சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. செல்ஃப் டைமரை மட்டும் தொடாதீர்கள். என்னிடம் உள்ள ஒன்றில் அதைத் தொட்டு, ஷட்டர் பாதி வழியில் நின்று, மூன்று மாதம் பழுதுபார்ப்பவரிடம் கிடந்தது.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. கிரவுண்ட் கிளாஸ் மங்கலாக இருக்கிறதே என்று ஒரு நாள் அதைக் கழற்றி, உள்ளே இருந்த முகக்கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தேன். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்புறம் இருக்கும், இதில் முன்புறம். துணியோடு அதுவும் வந்துவிட்டது. ஊதுகிற ரப்பர் பல்புக்கு மேல் அதன் பக்கம் எதையும் கொண்டுபோகாதீர்கள். அப்புறம், அழகாக இருக்கிறதென்று தோல் உறையிலேயே போட்டு வைக்க வேண்டாம். நம் கடலோர ஈரத்தில் தோல்தான் பூஞ்சைக்கு வீடு. காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், மாதம் ஒருமுறை வெளிச்சம்.

ஃபிலிம் 120 ரோல், பன்னிரண்டு சதுரப் படங்கள். ஒரு காலத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் 'இந்து' என்ற பெயரில் நம் மாநிலத்திலேயே செய்தார்கள். காலியான இந்து பெட்டி ஒன்றை என் அலமாரியில் வைத்திருக்கிறேன். இப்போது இங்கிலாந்தின் இல்ஃபோர்டு எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிம் போடுகிறேன். விலை அதிகம்தான், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

அன்று திண்ணையில் எடுத்த படத்தைக் கழுவி பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். நாங்கள் எல்லோரும் அச்சு அசல் என்றோம். அம்மா மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் மாதிரி இல்லையேடா" என்றார். கீழ் லென்ஸ் எங்களுக்குத் தெரிந்த அம்மாவைப் பிடித்திருந்தது. மறுநாள் ஸ்டூடியோ அண்ணனிடம் போய், நெகட்டிவைத் திருப்பிப் போட்டு இன்னொரு பிரிண்ட் கேட்டேன். அதைத்தான் அம்மா பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்.