ஊசியும் கட்சியும்: டாக்டரம்மாவின் பதில்கள்

தடுப்பூசி பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதில் சொல்ல எனக்கு நிறையவே இருக்கிறது.

கேள்வி: என் தம்பி என்ஜினீயர். கொரோனா சமயத்தில் ஒரு மரபு வாழ்வியல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தான். அவனுடைய ஒன்றரை வயது மகளுக்குப் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி, அதன்பின் எந்த ஊசியும் போடவில்லை. 'ஊசி போடாத குடும்பம்' என்று முகப்புப் படத்திலேயே எழுதி வைத்திருக்கிறான். எங்கள் குடும்பக் குழுவில் நான் ஆதாரங்களை அனுப்பினால், 'கார்ப்பரேட் அடிமை' என்று பதில் போடுகிறான். எப்படிப் புரியவைப்பது? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த முகப்புப் படம்தான் அம்மா. ஊசியைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர் அதை ஊருக்குத் தெரிய எழுதி ஒட்டுவதில்லை. கேள்வி கேட்பார். சளி பிடித்திருக்கிறதே போடலாமா, போன தடவை தொடை வீங்கியதே, ஒரே நாளில் இத்தனை ஊசி பிள்ளை தாங்குமா என்றெல்லாம் கேட்பார். பொறுமையாகப் பதில் சொன்னால் அன்றே போட்டுக்கொண்டு போவார், இல்லாவிட்டால் ஊசி போடும் நாளான அடுத்த புதன்கிழமை வருவார். உங்கள் தம்பி எதையும் கேட்கவில்லை. தான் யார் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் அவருக்கு நண்பர்கள் கிடைத்திருப்பார்கள், மரியாதை கிடைத்திருக்கும். நாட்டு விதையும் செக்கு எண்ணெயும் வாங்குவதுகூட அவர்களிடம்தான் இருக்கும். நீங்கள் அனுப்புவதை ஒப்புக்கொண்டால் இத்தனையும் கைவிட்டுப் போகும். அதனால் படிக்காமலே தள்ளிவிடுகிறார்.

2017-ல் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் பிப்ரவரி 6-ம் தேதி தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் ஊசி. நம் மாநிலத்தில் மட்டும் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள். மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நாட்டு மாட்டை ஒழிக்க வெளிநாட்டுக்காரன் திட்டம் போடுகிறான் என்று டீக்கடையில் எல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கோபத்தின் நடுவில் இந்த ஊசி வந்து விழுந்தது. மாட்டில் கை வைத்தவர்கள் அடுத்துப் பிள்ளைகள்மேல் கை வைக்கிறார்கள் என்கிற தொனியில் குரல் பதிவுகள் சுற்றின. போட்டால் மலட்டுத்தன்மை வரும் என்றார்கள். ஊசியை மறுப்பது தமிழனாக இருப்பதன் அடையாளம் என்று சில இளைஞர்கள் உண்மையிலேயே நம்பினார்கள்.

ஒரு பள்ளியில் பெற்றோர் எழுதிக்கொடுத்த மறுப்புச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஒரே வாசகத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். 'ரூபெல்லா'வில் இருந்த எழுத்துப்பிழைகூட எல்லாச் சீட்டிலும் ஒன்றாகவே இருந்தது. அப்படி எழுதிக்கொடுத்த ஒரு தாய், பொழுது சாயும் நேரத்தில் பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். "அக்கா, ஊசியைப் போட்டுடுங்க. விரல்ல மட்டும் மை வைக்காதீங்க" என்றார் நர்ஸம்மாவிடம். முகாமில் ஊசி போட்ட பிள்ளைகளுக்கு இடது கட்டைவிரலில் மை வைப்பது வழக்கம். நர்ஸம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் நகத்தின் ஓரத்தில், சதையோடு சேரும் இடத்தில், தேடினால்தான் தெரியும்படி ஒரு புள்ளி வைத்து அனுப்பினார். அந்தத் தாய்க்கு ஊசிமேல் பயம் இல்லை. தெருவில் இருப்பவர்களுக்குத்தான் பயந்தார்.

2021 ஜூலையில் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், வெஸ்ட் ப்ளெயின்ஸ் என்ற ஊரின் மருத்துவர் ஒருவர் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். உறவினரும் நண்பர்களும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று தோற்றத்தை மாற்றிக்கொண்டு சிலர் கொரோனா ஊசி போட வந்தார்களாம்.

அதனால், குடும்பக் குழுவில் தம்பியோடு இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மனிதரும் இறங்கி வர மாட்டார். நேரில் போங்கள். தம்பி மனைவி என்ன நினைக்கிறார் என்று தனியாகக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லா ஊசிக்கும் சேர்த்து வாதாடாதீர்கள், தட்டம்மையை மட்டும் பேசுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவில் ஒரே நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடக்கூடிய நோய் அது. நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். தம்பியின் செக்கு எண்ணெயையும் சிறுதானியத்தையும் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள், அவை நல்லவைதான். கம்பங்கூழ் குடிக்கிற பிள்ளைக்கும் ஊசி போடலாம் என்று அவருக்குத் தோன்றினால் போதும். படத்தை எடு, குழுவை விட்டு வா என்று நிபந்தனை வைக்காதீர்கள். படம் அப்படியே இருக்கட்டும், பிள்ளைக்கு ஊசி விழட்டும்.

கேள்வி: என் மகள் டாலஸில் இருக்கிறாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போட்டவரா இல்லையா என்பதை வைத்தே அவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம் என்கிறாள். ஒரு மருந்து எப்படிக் கட்சி விவகாரம் ஆனது? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஒரே நாளில் ஆகவில்லை. 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டிலிருந்து தட்டம்மை பரவியது. அதுவரை ஊசியை மறுத்தவர்கள் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டிலும் இருந்தார்கள். இயற்கை உணவு, வீட்டுப் பிரசவம் என்று வாழ்ந்த வசதியான இடதுசாரிக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. 2015-ல் அந்த மாநிலம், சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பள்ளித் தடுப்பூசிகளிலிருந்து விலக்குப் பெறும் வழியைச் சட்டம் போட்டு அடைத்தது. எதிர்த்தவர்களின் பேச்சு அதன்பின் திசை மாறியது. ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற வாதம் பின்னால் போய், பெற்றோர் உரிமை, சுதந்திரம் என்ற வாதங்கள் முன்னால் வந்தன. ஆட்டிசம் கதைக்கு மூலமான, பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆட்டிசம் வருமா வராதா என்று ஆராய்ந்து பார்த்துவிடலாம், பார்த்தார்கள். சுதந்திரம் வேண்டும் என்பதை எந்த ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பது?

கொரோனா வந்தபோது இந்தப் பாதை தயாராக இருந்தது. குடியரசுக் கட்சியின் ட்ரம்ப் ஆட்சிதான் அரசுப் பணத்தைக் கொட்டி அந்தத் தடுப்பூசிகளை விரைவுபடுத்தியது. அதே ட்ரம்ப் 2021 ஆகஸ்டில் அலபாமா மாநிலக் கூட்டம் ஒன்றில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றபோது கூட்டத்தில் சிலர் எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். டிசம்பரில், உங்கள் மகள் இருக்கும் டாலஸிலேயே, தான் பூஸ்டர் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். அங்கேயும் கூச்சல். தலைவரே சொன்னாலும் விட முடியாத அளவுக்கு அந்த அடையாளம் தொண்டர்களின் சொந்தச் சொத்தாகிவிட்டது. ஊசி போடாதவர்கள் மட்டும் ஜோடி தேட ஒரு செயலி வந்தது. டிக்டாக்கில் சிலர் தங்களைத் 'தூய ரத்தம்' என்று அழைத்துக்கொண்டார்கள். ரத்தத் தூய்மை பேசியே மனிதர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய ஊரில் பிறந்தவள் நான். அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. ஓஹையோ, ஃபுளோரிடா மாநிலங்களின் இறப்புப் பதிவுகளையும் வாக்காளர் பதிவுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. பெரியவர்கள் அனைவருக்கும் ஊசி கிடைக்கத் தொடங்கிய பிறகு, குடியரசுக் கட்சி வாக்காளர்களின் கூடுதல் இறப்பு விகிதம் (வழக்கமாக எதிர்பார்ப்பதற்கு மேல் நேர்ந்த இறப்புகள்) ஜனநாயகக் கட்சி வாக்காளர்களைவிட 43 சதவீதம் அதிகமாக இருந்தது. 2025-ல் டெக்சாஸின் மேற்குப் பகுதியில் தொடங்கிய தட்டம்மை 762 பேருக்கு வந்து ஆகஸ்டில்தான் அடங்கியது. பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். இருவருமே ஊசி போடாதவர்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் ஆகிவிட்டதா என்று இன்றைக்கே மகளிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ராஜாஜியே தடுப்பூசியை எதிர்த்தார் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? அப்படியென்றால் எதிர்ப்பவர்களை எல்லாம் அறியாதவர்கள் என்று சொல்லலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: உண்மைதான். சொல்லவும் கூடாதுதான்.

அவர் எதிர்த்தது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை. கிண்டியில் 1948-ல் அதற்கான ஆய்வுக்கூடம் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் கூட்டம் கூட்டமாகப் போட ஆரம்பித்தார்கள். ராஜாஜி முதல்வர் பதவியை விட்ட மறுவருடம், 1955-ல், இதை ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை, வீரியம் குறைத்ததாகவே இருந்தாலும், கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் ஏற்றுவது சரியா, அதன் பயன் உறுதியாகிவிட்டதா என்பது அவர் கவலை. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அதற்கு விடை தேடியதும் நம் மண்ணில்தான். இன்று திருவள்ளூர் மாவட்டமாக இருக்கும், அன்றைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியில் 1968-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். சிலருக்கு பி.சி.ஜி., மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 1979-ல் முதல் முடிவு வந்தபோது உலகமே அதிர்ந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. ஊசி வேலை செய்யும் என்று எதிர்பார்த்தவர்கள்தான் அந்த ஆய்வை நடத்தினார்கள், அவர்களேதான் முடிவையும் வெளியிட்டார்கள். மருத்துவத்தை நான் நம்புவதற்கு இந்த ஒரு சம்பவம் போதும். அதே பி.சி.ஜி., பச்சிளம் பிள்ளைகளுக்கு வரும் மூளைக் காசநோயிலிருந்தும் உடல் முழுதும் பரவும் காசநோயிலிருந்தும் காக்கிறது என்பதும் தெரிந்தது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். உங்கள் இடது தோளில் தழும்பு இருந்தால் அது பெரும்பாலும் இந்த ஊசியுடையதுதான்.

ஆக, ராஜாஜியின் சந்தேகத்துக்கு ஒரு பாதி அவர் பக்கமும் மறுபாதி ஊசியின் பக்கமும் விடை வந்தது. இப்போது அவர் பெயரைச் சுற்றவிடுகிறவர்கள் இந்த ஆய்வைச் சொல்வதே இல்லை. பாதி அவர்களுக்குச் சாதகமாக இருந்தும் சொல்வதில்லை. சொன்னால் மறுபாதியையும் சொல்ல வேண்டி வரும்.

கேள்வி: நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள்தானே விழுந்தார்? (ஒரு வாசகி, கோவில்பட்டி)

பதில்: மக்களுக்குத் தைரியம் வர வேண்டும் என்று 2021 ஏப்ரல் 15-ல் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார், 17-ம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று முழுதாக அடைத்திருந்தது என்றும், அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் உடனேயே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதே முடிவுக்குத்தான் வந்தது. ஆனால் அந்த முடிவு வெளியானது அக்டோபரில். இரண்டாவது அலை கிராமம் கிராமமாகப் போன மாதங்கள் எல்லாம் இடையில் கழிந்துவிட்டன. அந்தத் தாமதத்தை நான் இன்றும் மன்னிக்கவில்லை. உங்களைப் போன்றவர்கள் பயந்ததில் தப்பே இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 3 வயது. மாமனார் வேண்டாம் என்றதால் தட்டம்மை ஊசி போடவில்லை. இப்போது வீட்டில் சம்மதம். அட்டையும் தொலைந்துவிட்டது. போனால் திட்டுவார்களா? (ஒரு வாசகி, பரமக்குடி)

பதில்: வருகிற புதன்கிழமையே அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். விட்டுப்போன தட்டம்மை–ரூபெல்லா ஊசியை 5 வயது வரை இலவசமாகப் போடுவார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று யாராவது கேட்டால், "இப்ப வந்துட்டேன்ல" என்று சொல்லுங்கள், மாமனாரை இழுக்க வேண்டாம். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். இந்த ஊசிக்கு ஒரு வாரம் கழித்துக்கூட லேசாகக் காய்ச்சலடிக்கலாம், இரண்டொரு நாளில் சரியாகிவிடும். அதைப் பார்த்துப் பயந்து இரண்டாம் தவணையை விட்டுவிடாதீர்கள்.