பாலத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள்; வேலை ஏன் தொடங்கவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் ஆற்றுப்பாலம் பற்றிச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகத்தில் கேட்டால், ‘அரசுக்கு எதிர்பார்த்த வரவு வரலை, அடுத்த பட்ஜெட்ல பார்ப்போம்’ என்கிறார்கள். அரசின் வரவு மதிப்பீட்டுக்கும் எங்கள் பாலத்துக்கும் என்ன தொடர்பு? பட்ஜெட் புத்தகத்தில் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அலுவலகத்தில் சொன்னது சாக்காக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். எது என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ள முடியும். பட்ஜெட் என்றதும் எல்லோரும் செலவுப் பக்கத்துக்குத்தான் போகிறோம். ஆனால் அந்தப் பக்கத்தில் எதற்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்பதை வரவுப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊகம்தான் தீர்மானிக்கிறது.

2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டையே எடுத்துக்கொள்வோம். 2025-26-க்கு மதிப்பிட்ட மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். இதில் சம்பளம் 90,464 கோடி, ஓய்வூதியம் 41,290 கோடி, வட்டி 70,754 கோடி. இந்த மூன்றும் சேர்ந்து 2,02,508 கோடி. நூறு ரூபாய் வரவில் 61 ரூபாய். எந்த அரசு வந்தாலும் முதலில் கொடுத்தே ஆக வேண்டிய பணம் இது. அடுத்து மானியங்களும் உதவித்தொகைகளும் 1,53,724 கோடி. மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் 13,807 கோடி. இதையும் கூட்டினால் 3,56,232 கோடி ஆகிறது. அதாவது ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே வரவைவிடச் செலவு 24,663 கோடி கூடிவிட்டது.

அப்படியானால் பாலம், அணை, கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கான 57,231 கோடி எங்கிருந்து வரும்? கடனிலிருந்துதான். கடனையும் விருப்பம்போல் வாங்க முடியாது. அந்த ஆண்டின் நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டிய தொகை, 1,06,963 கோடி. மாநில உற்பத்தி மதிப்பில் சரியாக 3 சதவீதம். மாநிலத்தின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் ஒன்றிய அரசின் கடன் அனுமதியும் போட்ட கோடு அது. வரவு குறைந்தால் கூடுதலாகக் கடன் வாங்கி ஈடுகட்ட வழி குறைவு. சம்பளத்தை வெட்ட முடியாது, உதவித்தொகையை நிறுத்த எந்த அரசும் துணியாது. மிஞ்சுவது உங்கள் பாலம்.

வரவு எவ்வளவு தவறினால் எவ்வளவு அடி விழும்? மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2024-25 திருத்திய மதிப்பீட்டில் (ஆண்டு முடியும் முன் மறுபடி கணித்தது) 1,92,752 கோடி. 2025-26-க்கு 2,20,895 கோடி எனப் போட்டார்கள். வளர்ச்சி 14.6 சதவீதம். அது 10 சதவீதத்தோடு நின்றால் துண்டு விழுவது ஏறத்தாழ 8,870 கோடி. சொந்த வரியில் பார்த்தால் அது 4 சதவீதம்தான். ஆனால் முழுச் சுமையும் மூலதனச் செலவின் மேல் விழுந்தால் அதில் 15 சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். எனவே ஒதுக்கீட்டுத் தொகையைப் பார்த்து மகிழ்வதற்கு முன், எந்த வளர்ச்சி விகிதத்தை நம்பி அதை எழுதினார்கள் என்று பாருங்கள். முந்தைய மூன்று ஆண்டுகளின் உண்மையான வளர்ச்சியைவிட அது மிக அதிகமென்றால், பட்டியலில் கடைசியாக நிற்கும் வேலைகளுக்குப் பணம் வருவது சந்தேகம்.

இந்த ஊகம் ஒரே மாதிரி நம்பகமானதும் அல்ல. வணிக வரிதான் பெரும்பங்கு: 1,63,930 கோடி. (ஆயத்தீர்வை 12,944 கோடி என்று பார்த்துவிட்டு மது வருமானம் அவ்வளவுதானா என்று சிலர் கேட்பதுண்டு. மதுவின் மீதான வாட் வரி வணிக வரிக் கணக்கில் இருக்கிறது. பெரிய தொகை அதுதான்.) ஜிஎஸ்டி வந்தபோது ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சிக்கு இழப்பீட்டு உத்தரவாதம் இருந்தது. 2022 ஜூன் 30-உடன் அது முடிந்தது. அதன் பிறகு கணிப்புத் தவறினால் நட்டம் மாநிலத்தின் தலையில்தான். 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருட்களின் ஜிஎஸ்டி விகிதம் குறைக்கப்பட்டதே, மார்ச்சில் மதிப்பீடு எழுதியவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 26,109 கோடி. இது ரியல் எஸ்டேட் சந்தை ஏறினால் ஏறும், படுத்தால் படுக்கும்.

ஒன்றிய வரிப் பங்கு 58,022 கோடி மாநிலம் கணித்ததே அல்ல. ஒன்றிய பட்ஜெட்டில் எல்லா மாநிலங்களுக்குமான பகிர்வுத் தொகையில் அந்த ஆண்டில் தமிழ்நாட்டுக்கு இருந்த 4.079 சதவீதப் பங்கை அப்படியே எடுத்தெழுதியது. டெல்லி தன் மதிப்பீட்டைத் திருத்தினால் இங்கேயும் மாறும். ஒன்றிய அரசு திட்டங்களுக்குத் தரும் மானிய உதவி இன்னும் நிச்சயமற்றது: சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி, ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராத விவகாரத்தால் வராமல் நின்றது.

வரவைக் குறைத்துப் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். எதிர்பாராமல் வரும் பணம் ஆண்டு நடுவில் துணை மதிப்பீடுகளில் (பட்ஜெட்டுக்குப் பிறகு சட்டமன்றத்தில் கேட்கும் கூடுதல் ஒதுக்கீடுகளில்) செலவாகும். அந்த நேரத்தில் விவாதம் குறைவு. யாருடைய கோரிக்கை செல்வாக்குள்ளதோ அதற்கே பணம் போகும்.

இனி உங்கள் பாலத்துக்கு வருவோம். நிதித் துறையின் பட்ஜெட் இணையதளத்தில் மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் (ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்திடம் கேட்கும் தொகையின் விவரம்) இருக்கின்றன. நெடுஞ்சாலைத் துறையுடையது கோரிக்கை எண் 21. அதில் 5054 என்ற தலைப்பு சாலைகள், பாலங்களுக்கான மூலதனச் செலவு, 3054 பராமரிப்பு. நான்கு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. பட்ஜெட் மதிப்பீட்டைவிடத் திருத்திய மதிப்பீடு வெகுவாகக் குறைந்திருந்தால், ஒன்று பணத்தை நிறுத்தியிருக்கிறார்கள், அல்லது நிலம் எடுப்பதிலோ ஒப்பந்தப்புள்ளியிலோ வேலை சிக்கி, பணம் திரும்பியிருக்கிறது. எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. தொகைகள் ஆயிரத்தில் தரப்பட்டிருக்கும் என்பதால், ‘1’ என்று கண்டால் அது ஆயிரம் ரூபாய் அடையாள ஒதுக்கீடு. தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் வைக்கவில்லை.

வரவு உண்மையிலேயே குறைந்ததா என்பதைத் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) இணையதளத்தில் வரும் மாதாந்திர முக்கியக் குறியீடுகளில் பார்க்கலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வரி வசூலை முந்தைய ஆண்டின் அதே ஆறு மாதங்களோடு ஒப்பிடுங்கள். (பட்ஜெட் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்பது தவறு, மார்ச்சில் வசூல் எப்போதும் அதிகம்.) பட்ஜெட் 14.6 சதவீத வளர்ச்சி எதிர்பார்க்க, கையில் 8 சதவீதம்தான் என்றால், அலுவலகத்தில் சொன்னது சரி. வளர்ச்சி எதிர்பார்ப்பை ஒட்டி இருந்தால் காரணம் வேறெங்கோ.

அந்தக் காரணத்தை அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். நிர்வாக ஒப்புதல் அரசாணையின் எண்ணும் தேதியும், தொழில்நுட்ப ஒப்புதல் நகல், நிலம் எடுப்பின் நிலை, இந்த ஆண்டு அந்தப் பணிக்கு விடுவித்த தொகை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நிர்வாக ஒப்புதல் அரசாணையே இல்லையென்றால், சட்டமன்றத்தில் வந்தது அறிவிப்பு மட்டும்தான். அப்போது உங்கள் கோரிக்கையை, துறைகள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளை நிதித் துறைக்கு அனுப்பும், டிசம்பரோடு முடியும் ஆண்டின் கடைசி மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் கொடுக்கும் மனு அந்த பட்ஜெட்டுக்கு உதவாது.